எல்லை நிலம் பூங்காவான வரலாறு

தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை, சிங்கப்பூரைத் தெற்கு வடக்காக ஊடுருவிச் செல்லும் 24 கிலோமீட்டர் நிலமொன்று உண்டு. இன்று அங்கே சிறுவர் சைக்கிள் விடுகின்றனர், முதியோர் உலாவுகின்றனர். 2011 ஜூன் 30 வரை அது மலாயா ரயில்வேயின் வசம் இருந்தது. ஒரு நாட்டின் வயிற்றுக்குள் கிடந்த மற்றொரு நாட்டின் சொத்து! தோட்டத்தில் எல்லைக்கல் ஓரடி நகர்ந்தாலே கணக்கெழுதுவோர் பாடு நமக்குத் தெரியும்.

இவ்விந்தை நேர்ந்த விதம் எளிது. 1903-இல் ரயில், தண்டாயுதபாணி கோயிலால் நாமறிந்த டேங்க் ரோட்டிலிருந்து கிராஞ்சிக்கு ஓடிற்று. 1918-இல் அந்த ரயில்வே ஐக்கிய மலாய் நாடுகளின் சர்க்காருக்கு விற்கப்பட்டது. 1923-இல் ஜொகூர் பாலத்தின்மீது ரயில் வந்தது. 1932-இல் பாதை திருப்பப்பட்டுத் தஞ்சோங் பகாரில் புது நிலையம் எழுந்தது. ஒரே ஆங்கிலக் கொடியின் கீழ் நிலம் யாருடையதென்று கேட்பாரில்லை. 1965-இல் சிங்கப்பூர் பிரிந்த பின்னரே அது வில்லங்கமாயிற்று.

1990-இல் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் பொருள் யாதென 20 ஆண்டுகள் வாதாடினர். 1998-இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியாவோ தன்னுடையதைத் தஞ்சோங் பகாரிலேயே வைத்துக்கொண்டது. ஆகவே பிரயாணி முதலில் மலேசியாவுக்குள் புகுந்தான், பிறகே சிங்கப்பூரை விட்டு வெளியேறினான்! 2010-இல் இரு பிரதமர்களும் நிலத்துக்கு நிலம் என்று வழக்கை முடித்தனர். கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராகிமே ஓட்டிச் சென்றார்.

வெற்று நிலம் விலைமதிப்புள்ள அவ்வூரில், அது மாடி வீடுகளாய் மாறியிருக்கலாம். சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தார் 2010-லேயே பசும்பாதை வேண்டுமென்று விண்ணப்பித்தனர். பொதுஜனங்களும் அதை விரும்பினர். பூங்கா யாரும் இரக்கப்பட்டு ஈந்த தானமன்று, கேட்டுப் பெற்றது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. புக்கிட் திமா நிலையம் 2022-இல் செப்பனிட்டுத் திறக்கப்பட்டது. இரும்புப் பாலங்களும் நிற்கின்றன.

அப்பாதையில் உழைத்த தமிழர் ஏடெழுதி வைத்தவரல்லர். ரயில்வேத் தொழிலாளர் 1932-இல் குவீன்ஸ்வே பக்கம் எழுப்பிய முனீஸ்வரன் கோயிலே அவர்கள் சாசனம். அதுவும் 1998-இல் வேறிடம் பெயர்ந்தது.

எல்லை மறையவில்லை, பாலத்தின் முனைக்குப் பின்வாங்கியது, அவ்வளவே. விடியுமுன் ஜொகூர் பாருவில் வரிசையில் நின்று அக்கரைக்கு வேலைக்குச் செல்லும் நம்மவர் அதை நாள்தோறும் காண்கின்றனர்.