வானத்துப் பூட்டு – 7
101-ஆம் எண் யாருக்கு?

சென்ற வாரம் பிரிட்டனின் கட்டண டிவி நிறுவனமான ஐ.டி.வி. டிஜிட்டலின் வீழ்ச்சியைப் பார்த்தோம். கால்பந்து லீகுக்கு 31.5 கோடி பவுண்டு தருவதாக ஒப்பந்தம் போட்ட நிறுவனம், 2002 வசந்தத்தில் கடையைக் கட்டியது. அதே ஆண்டு அக்டோபர் 30-இல் ஃப்ரீவியூ வந்தது. கூரையில் ஆன்டெனா வைத்திருந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்கு மாதச் சந்தா இல்லாமலே டிஜிட்டல் டிவி கிடைத்தது.

ஆனால், டிஷ் வைத்திருந்தவர்களின் கதை வேறு. 1998 அக்டோபரில் ஸ்கை நிறுவனத்தின் செயற்கைக்கோள் டிவி சேவையான ஸ்கை டிஜிட்டல் தொடங்கியபோது பிபிசி ஒன்றும் பிபிசி இரண்டும் அதில் ஏறின. ஏறியது சங்கேதப் பூட்டோடு. செட்டாப் பாக்ஸில் கார்டு செருகினால்தான் படம் தெரியும். சந்தா கட்டாதவர்களுக்கும் அந்தக் கார்டு கிடைத்தது என்பது உண்மைதான். ஆனால் பூட்டு ஸ்கையுடையது. அதற்கான கட்டணத்தைக் கொடுத்தது பிபிசி. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? டிவி வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் ஆண்டுதோறும் கட்டும் உரிமக் கட்டணத்திலிருந்து. 2002-இல் அது 112 பவுண்டு. மக்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிவிட்ட நிகழ்ச்சியை அவர்களிடமிருந்தே பூட்டி வைக்க, அவர்கள் காசையே எடுத்துக் கொடுப்பது! இதை அநியாயம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

பின் ஏன் பிபிசி அதற்கு உடன்பட்டது? ஹாலிவுட் படங்களையும் விளையாட்டுப் போட்டிகளையும் பிரிட்டனுக்கு மட்டும் காட்டும் உரிமையைத்தான் அது வாங்கியிருந்தது. அஸ்ட்ரா 2ஏ செயற்கைக்கோளின் கதிரோ பிரிட்டனைத் தாண்டி ஐரோப்பாவில் பரவலாக விழுந்தது. பூட்டில்லாமல் ஒளிபரப்பினால் மாட்ரிட்டில் இருப்பவரும் படத்தை இலவசமாகப் பார்த்துவிடுவார். உரிமை விற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

அந்த முடிச்சை அவிழ்க்க ஒரு புதுப் பாத்திரம் வந்தது. 2000 டிசம்பரில் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியன் 5 ராக்கெட் சுமந்து சென்ற அஸ்ட்ரா 2டி. உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டால் சின்னஞ்சிறியது. ஆனால் அதன் கதிர் பிரிட்டனையும் அயர்லாந்தையும் குறிவைத்துக் குறுக்கப்பட்டிருந்தது. அக்கரையில் நெதர்லாந்து, பெல்ஜியம், வட பிரான்ஸ் பகுதிகளில் பெரிய டிஷ் வைத்தால் பிடிக்கலாம். தெற்கே போகப் போக சிக்னல் மங்கிவிடும். கார்டு செய்துவந்த வேலையைக் கதிரின் வடிவமே செய்துவிடும் என்றால், பூட்டு எதற்கு?

அப்போது பிபிசியின் தலைமை இயக்குநர் கிரெக் டைக். ஸ்கையுடனான பூட்டு ஒப்பந்தம் 2003-இல் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. புதுப்பிக்கும் பேச்சு நடக்கும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் பிபிசி அறிவித்தது: ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. சேனல்கள் அஸ்ட்ரா 2டிக்கு மாறும். பூட்டு இருக்காது, கார்டு வேண்டாம். ஐந்தாண்டுகளில் மிச்சமாகும் தொகை 8.5 கோடி பவுண்டு. கூடவே இன்னொரு வாக்குறுதி: பிபிசி ஒன்றின் வட்டாரப் பதிப்புகள் அனைத்தையும் நாட்டின் எந்த மூலையிலும் பார்க்கலாம். லண்டனில் பிழைக்க வந்த ஸ்காட்லாந்துக்காரர், தன் ஊர்ச் செய்தியைத் தன் வீட்டுக் கூடத்திலேயே கேட்கலாம். பணக்கணக்கைவிட இந்த வரிதான் என்னை நெகிழ வைத்தது.

ரூபர்ட் மர்டாக்கின் ஸ்கை என்ன செய்யும்? இதே வழியில் தனியார் சேனலான ஐ.டி.வி.யும் கிளம்பினால் பூட்டு வியாபாரத்தின் ஒரு பெரிய வாடிக்கை போய்விடும். ஆனால் ஸ்கையின் கையில் வலுவான ஆயுதம் ஒன்று இருந்தது. செட்டாப் பாக்ஸின் நிகழ்ச்சிப் பட்டியல் ஸ்கைக்குச் சொந்தம். பிபிசி ஒன்றுக்கு 101, பிபிசி இரண்டுக்கு 102 என்று முதல் இரண்டு இடங்களும் பிபிசிக்கே. ரிமோட்டில் விரல் தன்னால் போகும் எண்கள் அவை. எந்த வீட்டுக்கு எந்த வட்டாரப் பதிப்பை 101-இல் காட்டுவது என்பதைத் தீர்மானித்ததும் அதே கார்டு முறைதான்.

கார்டை விட்டு வெளியேறினால் அந்த எண்களுக்கு உத்தரவாதமில்லை, பட்டியலின் அடியில் எங்கோ போய்ச் சேர வேண்டியிருக்கும் என்ற மிரட்டல் வந்தது. நாட்டின் முதல் டிவி சேனலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை! பிபிசி ஒழுங்குமுறை ஆணையத்தின் கதவைத் தட்டியது. ஒப்பந்தம் முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பின்வாங்கப் போவது யார், டைக்கா, மர்டாக்கா?

(தொடரும்)