'தௌ': ஒருமையிலிருந்து தெய்வ விளிக்கு

ஆங்கிலப் பைபிளையோ ஷேக்ஸ்பியரையோ முதன்முறை படிக்கும் தமிழ் மாணவர் 'தௌ' என்ற சொல்லை மரியாதைச் சொல்லாகவே கருத இடமுண்டு. தமிழ்ப் பைபிளில் கடவுளுக்கு 'நீர்', 'தேவரீர்' என்று படித்துப் பழகியவருக்கு அந்த ஊகம் இயல்பானது. உண்மை நேர்மாறு. 'தௌ' என்பது நம் 'நீ'. இன்று எல்லாரையும் குறிக்கும் 'யூ'தான் 'நீங்கள்' வரிசையைச் சேர்ந்தது. ஆங்கிலம் பிற்காலத்தில் இழந்தது ஒருமையைத்தான். ஒருமைச் சொல்லுக்குத் தெய்வத்தன்மை வந்தது எப்படி என்பதே இங்கு ஆராயப்படுவது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கும் மதிப்புக்கும் தொடர்பே கிடையாது. ஒருவர் என்றால் 'தௌ', பலர் என்றால் 'யீ', அரசனும் ஒருவன்தான். 'யூ' என்பது அந்த 'யீ'யின் செயப்படுபொருள் வடிவம். 16ஆம் நூற்றாண்டில்தான் அது எழுவாய் இடத்தையும் கைப்பற்றியது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு மேட்டுக்குடி மொழியானது. பிரெஞ்சில் பெரியவரைப் பன்மையால் விளிக்கும் வழக்கம் உண்டு. 13ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிலமும் அவ்வழக்கத்தை எடுத்துக்கொண்டது. மேலோருக்குப் பன்மை, கீழோருக்கும் நெருங்கியோருக்கும் ஒருமை என்றாயிற்று. காதலிக்கும் 'தௌ', வேலையாளுக்கும் 'தௌ'.

ஆகவே தவறான இடத்தில் அச்சொல் வசையாகும். 1603 நவம்பரில் வின்செஸ்டரில் சர் வால்டர் ராலே மீது ராஜத்துரோக வழக்கு நடந்தது. அரசுத் தரப்பில் வாதிட்ட எட்வர்ட் கோக், ராலேயை ஒருமையில் விளித்ததோடு நிற்கவில்லை. 'தௌ' என்பதையே வினைச்சொல்லாக்கி, உன்னை ஒருமையில்தான் அழைக்கிறேன் என்று மன்றத்தில் உரக்கச் சொன்னார். ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்திலும் இதே உத்தி உண்டு: சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதுபவனிடம், எதிரியைச் சிலமுறை ஒருமையில் விளி என்கிறார் சர் டோபி என்ற பாத்திரம். இது கோக்கின் பேச்சைக் கேலி செய்வது என்று பழைய பதிப்பாசிரியர் ஒருவர் எழுதினார். கவர்ச்சியான விளக்கம்தான், ஆனால் நாடகம் 1602 பிப்ரவரியிலேயே மேடையேறிவிட்டது. இருவரும் அன்றைய பொது வழக்கிலிருந்தே அதை எடுத்தார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

பைபிளின் கதை தனி. 1526இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட வில்லியம் டின்டேல், கிரேக்க மூலத்தின் ஒருமை பன்மையை அப்படியே காக்க விரும்பினார். ஒருவரென்றால் 'தௌ', பலரென்றால் 'யீ'. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பும் அதையே பின்பற்றியது. அதில் கடவுளும் 'தௌ', சாத்தானும் 'தௌ'. அங்கே இருந்தது இலக்கணக் கணக்கே ஒழிய பக்தி அன்று.

பேச்சில் 'தௌ' தேய்ந்தபோது அதற்காகப் போராடியவர்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். கடவுள் முன் எல்லாரும் சமம் என்ற கொள்கையால், நீதிபதியானாலும் பிரபுவானாலும் அவர்கள் ஒருமையிலேயே விளித்தார்கள், தொப்பியும் கழற்றவில்லை. இதற்காக அடியும் சிறையும் கண்டார்கள். கவிஞர் மில்டனின் நண்பரான குவேக்கர் தாமஸ் எல்வுட்டைச் சொந்தத் தந்தையே அடித்தார். 1660இல் குவேக்கர்களின் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸும் இரு துணைவர்களும் 'பேட்டில்-டோர்' என்ற நூலில் பல மொழிகளின் இலக்கணத்தைக் காட்டி, ஒருவருக்கு ஒருமையே முறை என்று வாதிட்டார்கள். இலக்கணப்படி அவர்கள் சொன்னது சரிதான். சமூகம் இலக்கணம் பார்த்துப் பேசுவதில்லை. குவேக்கர்கள் விடாமல் பிடித்துக்கொண்டதாலேயே மற்றவர்களுக்கு அது ஒரு பிரிவினரின் அடையாளமாகி, கைவிடுவது இன்னும் எளிதாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

பேச்சில் 'தௌ' மறைந்ததன் அடிப்படைக் காரணம் வேறு. யாருக்கு என்ன தகுதி என்று தெரியாத நகரத்தில் மரியாதைப் பன்மையே பாதுகாப்பு. 1653இல் இலக்கணம் எழுதிய ஜான் வாலிஸ், ஒருமை விளி இகழ்ச்சியையோ கொஞ்சலையோ காட்டும் என்று குறித்தார். 18ஆம் நூற்றாண்டுக்குள் பொதுப் பேச்சிலிருந்து அது மறைந்தது. யார்க்‌ஷையர் போன்ற வடபகுதி வட்டாரங்களில் 'தா' என்று திரிந்து 20ஆம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்தது. லாரன்ஸின் 'லேடி சாட்டர்லிஸ் லவர்' நாவலில் காட்டுக்காவலன் பேசுவது இந்த வழக்கைத்தான்.

பேச்சில் இல்லாத சொல் வழிபாட்டில் மட்டும் எஞ்சியபோது அதன் மேல் புனிதம் படிந்தது. 1952இல் முழுமையாக வந்த ஆங்கிலப் பைபிளின் திருத்திய பதிப்பு இதை விதியாகவே ஆக்கியது: மனிதருக்கு 'யூ', கடவுளுக்கு மட்டும் 'தௌ'. டின்டேலின் முறை தலைகீழாயிற்று. நற்செய்திகளில் இயேசுவை 'யூ' என்று விளித்தது அவரது தெய்வத்தன்மையைக் குறைப்பதாகும் என்று பழமைவாதிகள் சிலர் கண்டித்தார்கள். 1603இல் துரோகி எனக் குற்றம் சாட்டப்பட்டவர் மீது எறியப்பட்ட சொல், அதற்குள் மனிதருக்கு உரியதல்லாத உயர்வுச் சொல்லாகியிருந்தது. 1989இல் அப்பதிப்பு மீண்டும் திருத்தப்பட்டபோது கடவுளும் 'யூ' ஆனார்.