ஜெயிலில் பிறந்த டிரெட்மில்

போன மாதம் டி.எம்.டி. பரிசோதனைக்குப் போயிருந்தேன். மார்பில் வயர்களை ஒட்டி, ஓடும் பெல்ட்டின் மேல் ஏற்றிவிட்டார்கள். 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடிக்கொண்டே போயின. மூன்றாவது கட்டத்தில் மூச்சு வாங்க, "போதும்மா, நிறுத்திடுங்க" என்றேன். "இன்னும் ஒரே நிமிஷம் சார்" என்றது அந்தப் பெண். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது ஏறினவர்களுக்குத்தான் தெரியும்.

ரிசல்ட் பரவாயில்லை. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். எங்கள் தெருவில் நாய்கள் ஒரு பக்கம், தோண்டிப் போட்ட பள்ளம் ஒரு பக்கம். வீட்டுக்கே ஒரு டிரெட்மில் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். எதை வாங்கினாலும் அதன் பூர்வீகத்தைக் கிளறிப் பார்ப்பது என் பழக்கம். இதன் பூர்வீகம் ஜெயில்!

1818-இல் வில்லியம் க்யூபிட் என்ற இங்கிலாந்துப் பொறியாளர், சும்மா உட்கார்ந்திருக்கும் கைதிகளுக்கு வேலை கொடுக்க ஒரு சக்கரம் வடிவமைத்தார். அகலமான பெரிய உருளை, அதைச் சுற்றிலும் படிகள். கைதிகள் வரிசையாக நின்று மேலே உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். கால் வைத்த படி கீழே இறங்கும், அடுத்த படி வந்து நிற்கும். ஏறிக்கொண்டே இருக்கலாம், எங்கேயும் போய்ச் சேர முடியாது. 1821-இல் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் அமைத்தது பேர் பெற்றது. சில சிறைகளில் இந்தச் சக்கரம் மாவு அரைத்தது. பெயரில் 'மில்' வந்தது அப்படித்தான். பல இடங்களில் எதையும் அரைக்கவில்லை, சும்மா சுற்றியது. அதுதான் பெரிய கொடுமை என்று எனக்குத் தோன்றுகிறது. எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டும் 1895-இல் தண்டனை பெற்று இதில் ஏறியிருக்கிறார். 1898-இன் சிறைச் சட்டத்துக்குப் பிறகு அங்கே இது வழக்கொழிந்தது. அதே வெள்ளைக்காரன் ஆட்சியில், 1908-இல் தண்டிக்கப்பட்ட நம் வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்தார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அரை நூற்றாண்டு கழித்து இந்த யந்திரம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது. 1952-இல் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ், வேய்ன் குயின்டனோடு சேர்ந்து, மின்சாரத்தில் ஓடும் டிரெட்மில்லை இதயப் பரிசோதனைக்குக் கொண்டுவந்தார். என்னை மூச்சு வாங்க வைத்த 3 நிமிடக் கணக்கும் அவர் வகுத்ததுதான். முதல் கட்டம் மணிக்கு 2.7 கி.மீ., ஏற்றம் 10 சதவீதம். அடுத்தது 4 கி.மீ., 12 சதவீதம். அதற்கப்புறம் நானாகச் சொல்ல வேண்டாம்.

வீட்டுக்குள் கொண்டுவந்தவர் வில்லியம் ஸ்டாப் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1968-இல் கென்னத் கூப்பர் என்ற டாக்டர் எழுதிய ஏரோபிக்ஸ் புத்தகத்தைப் படித்துவிட்டு, வீட்டில் வைக்கிற மாதிரி விலையில் ஒன்றைச் செய்தார். 2012-இல் 96 வயதில் காலமானார். இது நல்ல விளம்பரம்!

இதையெல்லாம் படித்த பிறகு கடையில் நான் கேட்ட கேள்விகளே மாறிவிட்டன. ஜெயிலில் சக்கரத்தை நிறுத்தும் உரிமை ஏறினவனுக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் ஒரு நிமிடம் கழித்து நிறுத்துவார்கள். வீட்டிலாவது அது என் கையில் இருக்க வேண்டாமா? கடைப் பையன், "சார், 16 கி.மீ. வேகம் போகும், பாட்டு கேட்கலாம்" என்றான். "எவ்வளவு மெதுவாகப் போகும், அதைச் சொல் தம்பி" என்றேன். கைப்பிடி இல்லாத தட்டை மாடல் விலை குறைவுதான், வேண்டாம் என்றேன். பக்கவாட்டில் நீளமான கைப்பிடி, கால் தடுமாறாத அகலமான பெல்ட், சட்டையில் மாட்டும் கயிறோடு சிவப்புச் சாவி. கயிறு இழுபட்டால் சாவி கழன்று மெஷின் நின்றுவிடும். கடையிலேயே மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். மோட்டார் விஷயத்தில் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் உச்சக் குதிரைத்திறனை நம்பாமல், தொடர்ந்து எவ்வளவு இழுக்கும் என்று கேட்டு வாங்கினேன்.

இப்போது ஹாலில் ஜன்னல் ஓரமாக நிற்கிறது. காலையில் 3 கி.மீ. வேகத்தில் நான், சாயங்காலம் என் வீட்டுக்காரம்மா. நடந்து முடித்ததும் அந்தச் சிவப்புச் சாவியைக் கழற்றி பீரோ மேல் வைத்துவிடுகிறோம். லீவுக்குப் பேரன் வருகிறான்.