மஞ்சள் முக்கோணம்

என் மகள் 32ஆவது வாரத்தில் பிறந்தாள். எடை 1,450 கிராம். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் மஞ்சள் ஏறிவிட்டது. “பாப்பாவ லைட்ல வச்சிருக்கோம்மா, பயப்படாதீங்க” என்று கதவோரம் நின்று சொல்லிவிட்டு உள்ளே போனார் ஒரு நர்ஸ். கண்ணாடிக்கு அப்பால், கண்கள் கட்டப்பட்டு, நீல வெளிச்சத்தில் கிடந்தாள் மகள். “இதுக்கெதுக்கு லைட்டு? காலையில இளவெயில்ல காட்டுனா எறங்கிரும்” என்றார் என் அம்மா. டாக்டர் சிரித்துவிட்டு நகர்ந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. முனைவர் பட்டம் வாங்கியவளின் அம்மா இப்படிப் பேசலாமா?

நாங்கள் அங்கே இருந்த நாட்களில், மெல்லிய குழாய் வழியாக என் பாலைச் சொட்டுச் சொட்டாக இறக்கியவர், ஈரத்துணியை எடைபோட்டுக் குறித்தவர், மகள் மூச்சுவிட மறந்தபோது பாதத்தைச் சுண்டி நினைவூட்டியவர் அந்த நர்ஸ். டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டரின் பெயர் இருந்தது. நர்ஸின் பெயர் இல்லை. நானும் கேட்கவில்லை.

அந்த நீல விளக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். அது வெயிலிலிருந்து வந்தது. வெயிலில் பிள்ளையைக் காட்டியவர் ஒரு நர்ஸ்.

இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் ராச்ஃபோர்டு பொது மருத்துவமனை. ஆண்டு 1956. குறைமாதக் குழந்தைகள் பிரிவின் பொறுப்பாளர் சிஸ்டர் வார்டு. கிராமப்புறத்தில் வளர்ந்தவர், காற்றும் வெயிலும் பிள்ளைகளுக்கு நல்லது என்று நம்பியவர். வெதுவெதுப்பான நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குத் தூக்கிச் செல்வார். மருத்துவர்கள் பார்வையிட வருவதற்குள் உள்ளே கொண்டுவந்துவிடுவார். ஒருநாள் டாப்ஸ் என்ற மருத்துவரிடம் ஒரு குழந்தையைத் தயக்கத்தோடு காட்டினார். உடம்பு முழுக்க மஞ்சள் வெளிறியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் அழுத்தமான மஞ்சளில் ஒரு முக்கோணம். எதையாவது பூசினீர்களா என்று கேட்டார் மருத்துவர். இல்லை, வெயிலாக இருக்கும் என்றார் வார்டு. வெயில்பட்டுக் கறுப்பதற்குச் சில நாட்களாவது ஆகும் என்று பாடம் சொன்னார் மருத்துவர். கறுத்ததைப் பற்றிச் சொல்லவில்லை, குழந்தைக்கு மஞ்சள் காமாலை, துணியின் நுனி மூடியிருந்த இடத்தில் மட்டும் மஞ்சள் அப்படியே நின்றுவிட்டது என்று விளக்கினார் வார்டு. பேச்சு அத்தோடு முடிந்தது.

சில வாரங்கள் கழித்து, வெயில் விழும் இடத்தில் மறந்துவைத்த ஒரு ரத்தக்குழாயில் மஞ்சள் நிறமியான பிலிருபின் எதிர்பாராத அளவு குறைந்திருந்தது. அப்போதுதான் அந்த முக்கோணத்துக்குப் பொருள் கிடைத்தது. எசெக்ஸில் வெயிலை நம்பி மருத்துவம் செய்ய முடியாது. விளக்குகளைத் தொட்டில்மேல் அமைத்துப் பார்த்தார்கள். 1958இல் லான்செட் இதழில் கட்டுரை வெளியானது. ஆசிரியர்கள் மூவர்: கிரெமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ். வார்டின் பெயர் அந்த மூன்றில் இல்லை. முற்றத்துக் கதையை டாப்ஸும் கிரெமருமே 1975இல் எழுதினார்கள். மறைக்காமல் சொன்னது அவர்களுடைய நேர்மை. ஆனால் நினைவுகூர்வது வேறு, ஆசிரியராக ஏற்பது வேறு.

அளவுக்கு மீறிய பிலிருபின் மூளையைத் தாக்கும். உயிர் போகலாம், பிழைத்தாலும் காது கேளாமலோ கைகால் வசப்படாமலோ போகலாம். அதுவரை இருந்த முதன்மையான சிகிச்சை, குழந்தையின் ரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றுவது. அந்த ஆபத்தான வேலையிலிருந்து எத்தனையோ சிசுக்களை விளக்கு காப்பாற்றியது. என் அம்மாவின் இளவெயில் அந்த விளக்கைப் போல அளந்து கொடுக்க முடியாதது. நோய் முற்றினால் போதாதது. அதனால் அது சிரிப்புக்குரியதாகிவிடுமா?

வார்டு விதிவிலக்கல்ல. 1880களின் தொடக்கத்தில் பாரிஸின் மத்தெர்னித்தே மருத்துவமனையில் டார்னியே என்ற மருத்துவர் சிசுக்களுக்கான இன்குபேட்டரைப் பயன்படுத்தத் தொடங்கினார். கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியைப் பார்த்து வந்த யோசனை அது. ஆனால் பெட்டி மட்டும் பிள்ளையைக் காக்காது. பால் புகட்ட வேண்டும், சூடு பார்க்க வேண்டும், இரவில் விழித்திருக்க வேண்டும். 1893இல் அங்கே குறைமாதக் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உருவாகக் காரணமானவர் தலைமை மருத்துவச்சி மேடம் ஆன்றி. 1895இல் அங்கே பொறுப்பேற்ற பியர் புதேன் இத்துறையின் தந்தை என்று பாடநூல்களில் இடம்பெற்றார். இந்தத் துறைக்குத் தாய் யாரென்று எந்தத் தேர்விலும் கேட்பதில்லை.

பெயர் அட்டைக்கு வந்ததும் உண்டு. 1941இல் வெளியான குறைமாதக் குழந்தைகள் பராமரிப்பு நூலில், மருத்துவர் ஜூலியஸ் ஹெஸ்ஸின் பெயரோடு நர்ஸ் ஈவ்லின் லண்டீனின் பெயரும் ஆசிரியராக அச்சாகியது. செய்ய மனமிருந்தால் செய்ய முடிகிற காரியம்தான் இது.

நர்ஸின் கை எப்போதும் சரியாகவே இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. 1940களிலும் 50களிலும் இன்குபேட்டருக்குள் அளவில்லாமல் செலுத்திய ஆக்சிஜன், உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகளின் பார்வையைப் பறித்தது. அதைக் கண்டறிய வாஷிங்டனில் ஒரு பிரிவினருக்கு ஆக்சிஜனைக் குறைத்துச் சோதித்தார்கள். பிள்ளைகள் மூச்சுத் திணறிச் செத்துவிடும் என்று அஞ்சிய நர்சுகள் சிலர் இரவில் குமிழைத் திருகிக் கூட்டிவைத்தார்கள். அன்பு தவறாகிப் போன இடம் அது. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது: இரவெல்லாம் அந்தப் பிள்ளைகளோடு இருந்தவர்களை ஆய்வின் பங்காளிகளாக உட்காரவைத்துப் பேசியிருந்தால் அந்தக் கை குமிழை நோக்கிப் போயிருக்குமா?

இங்கிலாந்தில் இன்று ‘நர்சிங் அசோசியேட்’ என்றொரு பதவி இருக்கிறது. உதவியாளருக்கும் பதிவுபெற்ற நர்சுக்கும் நடுவில் ஒரு படி. இரண்டாண்டுப் படிப்பு, 2019 ஜனவரி முதல் முறையான பதிவேடு. சிசுப் பிரிவில் வெப்பநிலை பார்ப்பதும், குழாயில் பால் கொடுப்பதும், அம்மாவின் நெஞ்சில் பிள்ளையை வயர்களோடு தூக்கிவைப்பதும் இவர்கள் செய்யக்கூடிய வேலைகள். பதிவேட்டில் பெயர் ஏறியது முன்னேற்றம்தான். பதிவுபெற்ற நர்சுக்குப் பதிலாகக் குறைந்த சம்பளத்தில் ஆள் பிடிக்கும் வழியாக அது மாறிவிடக் கூடாது என்ற கவலையும் உடன் இருக்கிறது. பெண்கள் பெருவாரியாகச் செய்யும் வேலைக்கு ‘உதவி’, ‘துணை’ என்று முன்னொட்டுச் சேர்த்தே கூலியைக் குறைத்துவிடும் வித்தை நமக்கும் தெரியாததல்ல.

தமிழில் நாம் இவர்களைச் செவிலியர் என்கிறோம். சங்க அகப்பாடல்களில் செவிலிக்குக் குரல் உண்டு; செவிலி கூற்று என்றே பாடல்கள் உண்டு. அகத்திணையில் ஒருவரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய மரபு. தலைவனுக்கும் பெயரில்லை, செவிலிக்கும் பெயரில்லை. வகுப்பில் அதை அழகாக விளக்கி நிறையக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். மருத்துவ வரலாற்றில் தலைவனுக்குப் பெயரும் பட்டமும் சிலையும் உண்டு. செவிலிக்கு மட்டும் அகமரபு.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது அம்மாவிடம் போனில் கேட்டேன்: “அந்த நர்ஸம்மாவ ஞாபகம் இருக்காம்மா?”

அம்மாவுக்குப் பெயர் தெரிந்திருந்தது. ஊர் தெரிந்திருந்தது. நைட் டியூட்டி முடிந்து எந்த பஸ் பிடிப்பார், வீட்டில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள், எத்தனை வருடமாகக் கான்ட்ராக்டிலேயே இருந்தார் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. வராந்தாவில் உட்கார்ந்து இருவரும் டீ குடித்திருக்கிறார்கள். “அவதான் சொன்னா, எங்கம்மாவும் வெயில்ல காட்டுவாங்கன்னு” என்றார் அம்மா.

அவரைக் கேட்காமல் அந்தப் பெயரை இங்கே அச்சேற்ற எனக்கு உரிமையில்லை. பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடியெடுத்து, டாக்டரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். மகள் கேட்டால் காட்டுவேன்.