பன்பாயும் பாலைவனப் புல்லும்: இழைத்த கைக்கு ஒரு பெயர் வேண்டும்

எங்கள் வீட்டில் ஒரு பன்பாய் இருக்கிறது. உம்மம்மா இழைத்தது. சிவப்பும் ஊதாவுமாகக் கட்டங்கள் ஓடும். ஓரம் மட்டும் இரண்டு இடத்தில் விட்டுப்போயிருக்கிறது. அவர் மௌத்தாகிப் பல வருடங்களாகின்றன. அந்தப் பாயை எத்தனை நாளில் இழைத்தார், பன் எந்தக் குளத்திலிருந்து வந்தது, அந்தக் கட்டத்துக்கு என்ன பெயர் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. பாய் மிஞ்சியிருக்கிறது, பாயின் கதை அவரோடு போய்விட்டது.

இந்த இழப்பு எனக்கு உறைத்தது, அவுஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண்கள் புல்லில் கூடை பின்னுவதைப் பற்றி வாசித்தபோதுதான்.

பாலைவனத்துப் பெண்கள்

மேற்கு அவுஸ்திரேலியா, தெற்கு அவுஸ்திரேலியா, வட பிரதேசம் ஆகிய மூன்றின் எல்லைகளும் சந்திக்கும் நடுப் பாலைவனத்தில் இந்தப் பெண்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கென 1980 இல் ஒரு பெண்கள் பேரவை உருவானது. அந்தப் பேரவை 1995 இல் கூடை பின்னும் பயிற்சிப் பட்டறைகளைத் தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 'ஜன்பி' பாலைவன நெசவாளர்கள் என்னும் அமைப்பு. ஜன்பி என்றால் அவர்களது மொழியில் புல் என்று அர்த்தம்.

கூடை அவர்களுக்குப் பழைய பொருள் அல்ல. தலையில் மரப்பாத்திரம் சுமப்பதற்கு நாரும் முடியும் சேர்த்துச் சும்மாடு செய்யும் பழக்கம்தான் முன்னோர் வழியில் வந்தது. தெரிந்த அந்தக் கைவேலையின் மேல் புதிய முறையொன்றைக் கற்றுக்கொண்டார்கள். பத்து வருடங்களில், 2005 இல், ஒரு கிராமத்துப் பெண்கள் கூடிப் புல்லால் முழு அளவில் ஒரு டொயோட்டா வாகனத்தையே செய்து, அந்நாட்டின் தேசியப் பூர்வகுடிக் கலை விருதின் முதற்பரிசைப் பெற்றார்கள். இன்று நானூறுக்கும் மேற்பட்ட பெண்கள் இந்த அமைப்பில் இருக்கிறார்கள்.

என்னைக் கவர்ந்தது பரிசு அல்ல, அவர்கள் வேலை செய்யும் விதம். புல் வெட்டப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப் போகிறார்கள். எந்த இடம் யாருடைய முன்னோரின் இடம், அந்த இடத்துக்கு என்ன கதை என்பதெல்லாம் போகும் வழியிலேயே சொல்லப்படுகிறது. செய்த பொருள் விற்பனைக்கு வரும்போது செய்தவளின் பெயரும் ஊரும் அதனுடன் வருகின்றன.

எல்லாவற்றையும் அவர்கள் சொல்லிவிடுவதும் இல்லை. 1970களின் தொடக்கத்தில் பப்புன்யா என்ற குடியேற்றத்தில் ஆண்கள் தமது சடங்குக் கோலங்களைப் பலகையில் வரையத் தொடங்கியபோது, வெளியார் பார்க்கக்கூடாதவை அதில் இருக்கின்றன என்று சொந்தச் சமூகத்துக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. அதன்பின் புனிதமானவற்றை விட்டுவிட்டோ புள்ளிகளால் மூடியோ வரைந்தார்கள். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை வரைபவரின் சமூகத்திடமே இருந்தது.

அந்த உரிமை பறிபோனபோது நீதிமன்றத்துக்கும் போனார்கள். பூர்வகுடிக் கலைஞர்களின் ஓவியங்களை அனுமதியின்றி எடுத்து, வியட்நாமில் கம்பளங்களாக நெய்வித்து விற்ற ஒரு நிறுவனத்துக்கு எதிராக 1994 இல் தீர்ப்புக் கிடைத்தது. புனிதக் கோலத்தை மனிதர் மிதிக்கும் கம்பளமாக்கியதால் கலைஞர்களுக்குத் தம் மக்கள் மத்தியில் ஏற்பட்ட மனவேதனையையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. நட்டஈட்டைத் தமது வழமைப்படி பகிர்ந்துகொள்ளும் விதமாகக் கலைஞர்களுக்கு மொத்தமாகவே வழங்கியது.

எங்கள் ஊர்ப் பாய்

காத்தான்குடி மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனை வீதியில் இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே வாவி. இடையில் வீட்டோடு வீடு ஒட்டிய ஊர். எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கே சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். ஆகவே உம்மாவும் சாச்சிமாரும் உம்மம்மாவும் ஒரே வளவில் அல்லது பக்கத்து வளவில் இருப்பார்கள். பாய் இழைக்கப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. விறாந்தையில் இருந்து பார்த்த கண்ணுக்கே பாதி வேலை பிடிபட்டுவிடும்.

பன்னை வெட்டி வெயிலில் காயவைத்து, நீளம் பார்த்துப் பிரித்து வைப்பார்கள். நிறம் வேண்டிய பிடியைச் சாயத்தூள் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் அவிப்பார்கள். காய்ந்த பன் வெடித்துவிடும் என்பதால், ஈரம் காட்டிப் பதமாக்கித்தான் இழைக்கவேண்டும். உம்மம்மா சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு இழைக்க இருந்ததும் அந்தக் குளிர்ச்சிக்காகவே. இழைத்த பகுதியின் மேலேயே குந்தியிருந்து முன்னால் இழைத்துக்கொண்டு போவார். கடைசியில் ஓரம் மடிப்பது. அதில்தான் கெட்டிக்காரி யாரென்று தெரியும்.

பன் எங்கள் ஊரில் விளைவதில்லை. பன் வளர நெருக்கமான ஊருக்குள் இடமேது? எங்கள் வீட்டுக்குப் படுவான்கரையிலிருந்து ஒரு தமிழ் அண்ணன் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார். காசு பாதி, மிச்சத்துக்குப் பாய் என்று கணக்கு இருக்கும். எங்கள் வீட்டில் இழைத்த பாய் அவருடைய வீட்டிலும் விரிந்திருந்தது.

1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி இரவு, மீரா ஜும்ஆ பள்ளிவாசலிலும் ஹுசைனியா பள்ளிவாசலிலும் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானில் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் இராணுவத்தினரால் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு வாவியைக் கடந்து யார் பன் கொண்டுவருவது? அந்த அண்ணன் வரவில்லை. அவருக்கு என்ன ஆனது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் பாய் இழைப்பது அந்த வருடத்தோடு நின்றது. பின்னர் கடையில் பிளாஸ்டிக் பாய் வந்தது.

யுத்தம் கட்டடங்களையும் உயிர்களையும் அழித்ததை நாங்கள் எண்ணியிருக்கிறோம். இப்படி இரண்டு கரைகளுக்கும் இடையில் அறுந்துபோன கைவேலைகளை யாரும் எண்ணியதில்லை.

பெயர் எழுதுவது

எங்கள் ஊரில் ஒரு பூர்வீக நூதனசாலை உண்டு. பழைய வாழ்க்கையின் அடையாளங்களைப் பிள்ளைகள் அங்கே பார்க்கலாம், நல்ல விடயம். ஆனால் கண்ணால் பார்த்த பொருள் கைக்கு வந்துவிடாது. தமிழ்நாட்டில் முஸ்லிம் குடும்பங்கள் நெய்யும் பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அது ஊரின் பெயரைக் காக்கும். நெய்தவளின் பெயரைக் காக்க வேறு ஏற்பாடு வேண்டும்.

ஜன்பிப் பெண்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: பொருளை மட்டும் சேமித்தால் போதாது. செய்தவரின் பெயர், செய்யும் முறை, மூலப்பொருள் வந்த இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தே பதிவாகவேண்டும். எதை வெளியே சொல்லலாம் என்பதை அவரிடமே கேட்கவேண்டும்.

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு சாச்சியிடம் போனேன். "இதெல்லாம் ஆருக்கு மகள்?" என்றார். பிறகு அவரே சொல்லத் தொடங்கினார். உம்மம்மாவின் பாயிலிருந்த கட்டத்தின் பெயரையும் சொன்னார். "அத எழுதாத. அது எங்கட வளவுக்குள்ள இருக்கட்டும்" என்றார். நான் எழுதவில்லை. கொப்பியின் முதல் பக்கத்தில் உம்மம்மாவின் பெயரை எழுதினேன். அதன் கீழே, சாச்சி மறக்காமல் வைத்திருந்த அந்தப் படுவான்கரை அண்ணனின் பெயரையும் எழுதினேன்.