இன்சுலினும் எடையும்: முதல் வகை நீரிழிவில் உண்ணல் கோளாறுகள்

முதல் வகை நீரிழிவு உள்ள வளரிளம் பருவத்தினரிடம் உண்ணல் கோளாறுகள் கூடுதலாகத் தென்படுவதை மனநலத் துறை பார்த்துக்கொள்ள வேண்டிய தனி விவகாரமாகக் கருதும் வழக்கம் இன்னும் நீடிக்கிறது. அந்த ஆபத்துக்குச் சிகிச்சை முறையே பெரிதும் வழியமைக்கிறது. ஆகவே அதைக் கண்டறியும் முதற்பொறுப்பு நீரிழிவு மருத்துவருடையது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இன்சுலின் சுரப்பு நின்றுபோன உடலில் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கி, டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டியதும் சிறுநீரில் வெளியேறத் தொடங்குகிறது. வயிறாரச் சாப்பிடும் பதின்மூன்று வயதுப் பெண் சில வாரங்களில் மெலிந்துபோகிறாள். ஊசி தொடங்கியதும் இழந்த எடை திரும்புகிறது. சிலருக்கு அதற்கு மேலும் ஏறுகிறது. ஊசி போட்டால் எடை கூடும், விட்டால் குறையும் என்பதை, உடல் வடிவம் பற்றிய கவலை மிகுந்த வயதில், அவள் தன் உடலிலிருந்தே தெரிந்துகொள்கிறாள். இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கண்டிப்பான சர்க்கரைக் கட்டுப்பாட்டின் பயனை 1993இல் நிறுவிய டி.சி.சி.டி. ஆய்வும் இதற்குச் சான்றளிக்கிறது. விழித்திரை பாதிப்பு இல்லாதிருந்தவர்களிடம் அது தோன்றும் ஆபத்தைத் தீவிர சிகிச்சை 76 விழுக்காடு குறைத்தது. அதே சிகிச்சை பெற்றவர்கள் ஐந்தாண்டு முடிவில் மற்றவர்களைவிடச் சராசரியாக 4.6 கிலோ எடை கூடியிருந்தனர். முதல் எண் மருத்துவ நடைமுறையையே மாற்றியது. இரண்டாவது எண் பதினாறு வயதுப் பெண்ணுக்கு என்ன பொருள்படும் என்ற கேள்விக்கு அதே அக்கறை கிடைக்கவில்லை.

எடையோடு இது நின்றுவிடுவதுமில்லை. ஒவ்வொரு கவளத்தின் மாவுச்சத்தையும் கணக்கிட வேண்டும். சர்க்கரை தாழ்ந்தால் பசியில்லாமலும் உண்ண வேண்டும். தட்டில் விழுவதை வீட்டார் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். பசியும் நிறைவும் உண்பதை வழிநடத்தும் இயல்பு இதில் குலைந்துபோகிறது.

டொராண்டோ ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 வயது வரையிலான, நீரிழிவுள்ள 356 பெண்களும் நீரிழிவில்லாத 1,098 பெண்களும் ஒப்பிடப்பட்டனர். முழுமையான உண்ணல் கோளாறு முதல் குழுவில் 10 விழுக்காடு, இரண்டாவதில் 4 விழுக்காடு. எடை குறைப்பதற்காக இன்சுலினைக் குறைத்ததாக நீரிழிவுள்ள பெண்களில் 11 விழுக்காட்டினர் கூறினர். ஆண் பிள்ளைகளிடம் இது குறைவாகவே பதிவாகிறது, ஆயினும் இல்லாமலில்லை.

இதற்கொரு மறுப்பு உண்டு. பொதுவான வினாத்தாள்கள் ‘உணவைப் பற்றி அடிக்கடி நினைக்கிறீர்களா, சிலவற்றைத் தவிர்க்கிறீர்களா’ என்று கேட்கும். நீரிழிவுள்ளவருக்கு அவை கடமைகள்; எனவே எண்ணிக்கை வீங்கித் தெரியும் என்பார்கள். மறுப்பு நியாயமானதே. ஆனால் அதே வினாத்தாள்கள் ஊசியைப் பற்றிக் கேட்பதேயில்லை. ஆகவே மிக ஆபத்தான நடத்தையே அவற்றின் பார்வைக்குத் தப்புகிறது. பிழை இரு பக்கமும் இருக்கும்போது சரியான கருவியைத் தேடுவதே முறை. நீரிழிவுக்கென வடிவமைத்து 2010இல் திருத்தப்பட்ட, 16 வினாக்கள் கொண்ட டெப்ஸ்-ஆர் அத்தகைய கருவி. 20 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பெண் வந்தால் விரிவாக விசாரிக்க வேண்டும்.

விளைவுகள் தாமதத்துக்கு இடம் தருவதில்லை. 1997இல் வெளியான மற்றொரு டொராண்டோ ஆய்வில், தொடக்கத்தில் உண்ணும் பழக்கம் மிகவும் சீர்குலைந்திருந்த இளம்பெண்களில் 86 விழுக்காட்டினருக்கு நான்கைந்து ஆண்டுகளில் விழித்திரை பாதிப்பு காணப்பட்டது. சீராக இருந்தவர்களிடம் அது 24 விழுக்காடுதான். பாஸ்டனில் 234 பெண்களைப் பதினோரு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு, இன்சுலினைக் குறைத்தவர்களின் இறப்பு ஆபத்து மும்மடங்கு என்று 2008இல் தெரிவித்தது.

இன்சுலினைக் குறைக்கும் பெண் மருத்துவர் முன் நீட்டும் சர்க்கரை அளவுக் குறிப்பேட்டில் ஒரே மையில், ஒரே சாய்வில், 110, 125, 118 என்று எண்கள் வரிசையாக இருக்கும். ஆனால் சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை 11 விழுக்காடு என்று வரும். பெரும்பாலும் அந்த இடத்தில் கண்டிப்பும் அறிவுரையும் தொடங்குகின்றன. அவள் அடுத்த முறை இன்னும் கவனமாக மறைக்கிறாள். காரணமின்றி ஏறும் எச்பிஏ1சியும் இன்சுலின் போதாமல் திரும்பத் திரும்ப வரும் கீட்டோ அமிலத்தேக்கமும் விசாரணையைக் கோரும் அறிகுறிகள். அவற்றை ஒழுங்கீனம் என்று பதிவுசெய்வது மருத்துவப் பிழை.

அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 10 முதல் 12 வயதுக்குள் உண்ணல் கோளாறுக்கான சோதனையைத் தொடங்கப் பரிந்துரைக்கிறது. நீரிழிவு மருத்துவர்களிடம் வைக்கும் வேண்டுகோள் இது: முதல் ஊசி எழுதும் நாளிலேயே எடை திரும்பும் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், பிறகு, பெற்றோர் வெளியே இருக்கும்போது, ‘எடைக்காக எப்போதாவது ஊசியைக் குறைத்தாயா அம்மா?’ என்று கேளுங்கள்.