தாகமும் கீழ்ப்படிதலும்: அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியின் ஒரு வழக்கம்

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், பயிற்சியின்போது வீரர்களுக்குத் தண்ணீர் மறுப்பது அமெரிக்கக் கால்பந்தில் கண்டிப்பான பயிற்சியாளரின் அடையாளமாக விளங்கியது. தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து ஆகஸ்ட் வெயிலில் நாளுக்கு இருவேளை ஓடிய இளைஞர்களுக்கு, தாகத்தை வெளிக்காட்டுவதே பலவீனம் என்று கற்பிக்கப்பட்டது. வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்ட மாத்திரை கொடுத்த இடங்களில்கூட நீர் அளந்தே தரப்பட்டது.

இவ்வழக்கத்தின் உச்சமாக நினைவுகூரப்படுவது 1954-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஜங்ஷன் என்னும் சிற்றூரில் நடந்த முகாமாகும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரி அணியின் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருந்த பால் 'பேர்' பிரையன்ட், கடும் வறட்சி நிலவிய அந்நிலத்தில், வெப்பம் 38 டிகிரி செல்சியஸைக் கடந்த நாள்களிலும், நீர் அருந்த இடைவேளையின்றிப் பத்து நாள் பயிற்சி அளித்தார். ஒரு வீரர் வெப்பத்தாக்கால் மயங்கி விழுந்து சாவின் விளிம்பிலிருந்து மீண்டார். சென்றவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் முகாமை விட்டு விலகினர். அவ்வாண்டு அணி ஆடிய பத்து ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றது. ஆயினும் 1956-இல் அது தன் வட்டாரப் பட்டத்தை வென்றபோது, வெற்றியின் வித்து ஜங்ஷனில் ஊன்றப்பட்டது என்ற கதை நிலைபெற்றது. தாக்குப்பிடித்தவர்களைக் கொண்டே முகாமை மதிப்பிட்ட அக்கதையில் விலகியோரின் உடல்நலத்துக்கு இடமில்லை. அடுத்த தலைமுறைப் பயிற்சியாளர்கள் பலர் அதையே தலைமைப் பண்பின் இலக்கணமாகக் கொண்டது பெருந்துயரம்.

1965-இல் புளோரிடா பல்கலைக்கழக மருத்துவர் ராபர்ட் கேடும் அவருடைய குழுவினரும், வீரர்கள் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்ய ஒரு பானத்தை உருவாக்கினர். 'கேட்டரேட்' என்று பெயர் பெற்ற அப்பானம் பரவியதோடு தண்ணீர்த் தடையும் மெல்லத் தளர்ந்தது. ஆனால் வெப்பத்தால் நேரும் மரணங்கள் நிற்கவில்லை.

அதற்குக் காரணம், நீர் குடித்தால் மட்டும் தடுத்துவிட முடியாத ஒரு நிலை உண்டு என்பதே. கடும் உழைப்பினால் உடலின் உள்வெப்பம் 40 டிகிரிக்கு மேல் ஏறி மூளையும் பிற உறுப்புகளும் குலைவதை 'உழைப்புசார் வெப்பத்தாக்கு' என்பர். பாதிக்கப்பட்டவரை உடனே குளிர்நீர்த் தொட்டியில் அமிழ்த்தி அரைமணி நேரத்துக்குள் வெப்பத்தைத் தணித்தால் ஏறக்குறைய அனைவரும் பிழைக்கின்றனர். எனவே உயிர் தப்புவது, தள்ளாடும் வீரர் 'முடியவில்லை' என்று அஞ்சாமல் சொல்ல முடிகிறதா, பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் பயிற்சியாளரைத் தவிர வேறு எவருக்கேனும் உண்டா என்பவற்றைப் பொறுத்ததாகிறது.

2001-இல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியின் கோரி ஸ்ட்ரிங்கர் முகாமில் வெப்பத்தாக்குக்கு உள்ளாகி இறந்தார். 2003-இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், முதல் நாள்களில் கவசங்களையும் பயிற்சி நேரத்தையும் குறைத்து உடலைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கும் விதியைக் கொண்டுவந்தது. 2012-இல் ஜார்ஜியா மாநிலப் பள்ளிகள், வெயில், ஈரப்பதம், காற்று ஆகியவற்றைச் சேர்த்தளக்கும் கருவியின் அளவைக்கொண்டே பயிற்சி நேரத்தை வரையறுத்தன. தனிமனிதரின் விருப்பத்திலிருந்து முடிவைப் பிரித்தெடுத்ததால், இவற்றுள் இதுவே ஆழமான மாற்றம்.

விதிகளை மீறியும் பழைய அச்சம் எஞ்சியிருந்தது. 2018 மே 29 அன்று மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் விரைவோட்டப் பயிற்சியின்போது தளர்ந்து விழுந்த 19 வயது ஜோர்டன் மெக்நேர் இரண்டு வாரங்களில் இறந்தார். அவருடைய உடல்வெப்பம் அங்கு அளக்கப்படவுமில்லை, அவர் குளிர்நீரில் அமிழ்த்தப்படவுமில்லை. அணியின் சூழலை ஆராய்ந்த குழு, வீரர்கள் பலர் வாய்திறக்க அஞ்சியதால் குறைகள் புரையோடிப்போயின என்று கண்டது. அக்டோபர் 30 அன்று நிர்வாக வாரியம் தலைமைப் பயிற்சியாளரைத் தொடரப் பரிந்துரைத்தபோது, சில வீரர்கள் அவருடனான கூட்டத்திலிருந்து எழுந்து வெளியேறினர். மறுநாள் பல்கலைக்கழகத் தலைவர் அவரைப் பணிநீக்கம் செய்தார்.